பேறு பார்க்கப் போன இடத்தில் மனநல வார்டு: ஒரு பள்ளத்தூர் வாசகருக்கு மனநல மருத்துவரின் பதில்

கேள்வி:

எனக்கு 66 வயது. பள்ளத்தூரில் இருக்கிறேன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுடைய தலைப்பிரசவத்துக்குத் துணையாக என் மனைவி தனியாகப் போனாள். மகள் பிறந்த சமயத்தில் மனைவிக்கு மனநிலை பாதித்தது. பைபோலார் (மனம் ஒரு சமயம் அளவுமீறிக் கொந்தளித்து, ஒரு சமயம் சோர்ந்துவிடும் நோய்) என்றார்கள், மதுரையில் வைத்தியம் பார்த்தோம். லித்தியம் மாத்திரையில் பல வருடங்களாக நன்றாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை. சிங்கப்பூர் போனதும், அவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று மாத்திரையை விட்டிருக்கிறாள். பேரன் பிறந்த பத்தாம் நாள் இரவு வீட்டைவிட்டு இறங்கி, ரோட்டில் போகிறவர்களுக்கு நகையைக் கழற்றிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். போலீஸ் வந்து மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டது. முதலில் மூன்று நாள் என்றார்கள், இப்போது ஒரு மாதம் வரை என்று எழுதிவிட்டார்களாம். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கூட்டி வருகிறேன் என்றும் விடவில்லை. இது ஜெயில் மாதிரியா? கரண்ட் வைப்பார்களா? உடனே திருச்சிக்குக் கூட்டி வந்துவிடலாமா? செலவுக்கு என்ன செய்வது? இன்சூரன்ஸ் எடுக்கும்போது பழைய நோயை எழுதவில்லை. தூதரகத்தில் சொல்லலாமா? பேரனை இனி அவள் கையில் கொடுப்பார்களா? ஊரில் என்ன சொல்ல?

பதில்:

அன்புள்ள ஐயா,

இந்தப் பதிலை முழுதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் ஆச்சியின், அதாவது உங்கள் மனைவியின், பழைய மருந்துச் சீட்டுகளையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் தேடி எடுங்கள். பீரோவில் எந்த மூலையில் ஒளித்து வைத்திருந்தாலும் சரி. ஒவ்வொன்றையும் கைப்பேசியில் தெளிவாகப் படம் பிடித்து மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்புங்கள். அவர்கள் இன்றே அதை வார்டு டாக்டரிடம் சேர்க்கட்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த வார்டில் இருப்பவர்களுக்கு ஆச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறுபதைத் தொட்ட ஒரு அம்மா, இரவில் தெருவில், தூக்கமில்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, நகையைத் தானம் செய்துகொண்டு வந்திருக்கிறார். இந்த வயதில் முதல்முறையாக இப்படி ஆகிறது என்றால், நல்ல டாக்டர் யாரும் உடனே மனநோய் என்று முடிவு கட்டமாட்டார். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா, சிறுநீரில் கிருமித் தொற்றா, சர்க்கரையா, தைராய்டா, மூளையில் ஏதாவது கோளாறா, மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்ப்பது சரிதான். ஆனால், இவருக்குப் பல வருடமாக பைபோலார் உண்டு, லித்தியத்தில் நன்றாக இருந்தார், இன்ன தேதியிலிருந்து விட்டுவிட்டார் என்ற மூன்று வரி கையில் கிடைத்தால் வைத்தியம் பல நாள் முன்னதாகவே சரியான வழிக்கு வந்துவிடும். மாப்பிள்ளையின் கையெழுத்தைவிட அந்த மூன்று வரிதான் ஆச்சியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரும்.

சீட்டுகளோடு ஒரு பக்கக் கடிதமும் எழுதுங்கள். வங்கியில் இருந்தவர், ஆங்கிலத்தில் எழுத உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோய் முதலில் எப்போது வந்தது, அது பிரசவத்துக்குப் பிறகு வந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அதற்கப்புறம் எத்தனை முறை திரும்பி வந்தது, ஒவ்வொரு முறையும் எந்த மருந்தில் தணிந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எப்போதாவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் எப்படி என்றெல்லாம் எழுதுங்கள். மருந்தைக் கம்பெனி வைத்த பெயரில் எழுதாதீர்கள். நம் ஊர் மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் அங்கே யாருக்கும் புரியாமல் போகலாம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். கடைசியாகப் பரிசோதித்தபோது ரத்தத்தில் இருந்த லித்தியம் அளவும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் மிக முக்கியம். லித்தியத்தைத் திரும்பத் தொடங்கலாமா, எந்த அளவில் தொடங்கலாம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இன்னொரு வேலை மகளுக்கு. ஆச்சியின் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். துணிக்கு நடுவிலோ கைப்பையிலோ மாத்திரை அட்டை இருக்கும். எத்தனை மாத்திரை மீதி என்று எண்ணிச் சொன்னால், எந்த நாளோடு நிறுத்தினார் என்று டாக்டர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த அட்டையை அப்படியே வார்டில் கொடுத்துவிடலாம். பார்க்கப் போகும்போது யாரும் தெரியாமல் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்த உடம்பில் பழைய அளவு லித்தியம் விஷமாகிவிடக்கூடும்.

சரி, இப்போது உங்கள் கேள்விகள்.

ஜெயில் மாதிரியா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆச்சி இருப்பது பெரும்பாலும் புவாங்கோக்கில் உள்ள அரசு மனநலக் கழகமாகத்தான் இருக்கும். அந்த நாட்டில் விருப்பமில்லாதவரைச் சட்டப்படி சேர்த்து வைத்திருக்க நியமிக்கப்பட்ட இடம் அதுதான். சிங்கப்பூரிலேயே பல காலம் இருக்கும் பெரியவர்கள் இன்னும் அதை உட்பிரிட்ஜ் என்றுதான் சொல்வார்கள். 1841இல் தொடங்கிய பழைய ஸ்தாபனம், இப்போதைய கட்டடத்துக்கு 1993இல் வந்தது. அங்குள்ள மனநலச் சட்டம் 2008இல் போடப்பட்டது. அதன்படி, ஒருவர் தன் மனநிலை காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகிவிடுவார் என்று தோன்றினால் போலீஸ் அவரை டாக்டரிடம் கொண்டு சேர்க்கலாம். ஒரு டாக்டர் பார்த்து முதல் படிவத்தில் கையெழுத்திட்டால் 72 மணி நேரம். அதற்குள் வேறொரு டாக்டர் தனியாகப் பார்த்து, இன்னும் தேவை என்று எழுதினால் ஒரு மாதம். அதற்கும் மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும், அப்போது ஆறு மாதம் வரை. மாப்பிள்ளை சொன்ன மூன்று நாளும் ஒரு மாதமும் இந்தக் கணக்கில் வந்தவைதான்.

ஒரு மாதம் என்பது அதிகபட்ச எல்லை. தேறினால் பத்து நாளிலும் விடலாம். அல்லது, ஆச்சியே புரிந்துகொண்டு இருக்கச் சம்மதித்தால், சாதாரண நோயாளியாக மாற்றி வைத்தியத்தைத் தொடரலாம். நம் நாட்டிலும் இதே மாதிரிதான் ஐயா. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை அவருடைய பிரதிநிதி கேட்டுக்கொண்டால், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்ன பிறகு 30 நாள் வரை சேர்த்து வைக்கலாம். வெளிநாட்டுக்காரர் என்பதால் ஆச்சியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஜெயிலைவிடக் கொடுமையான இடங்களை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் தப்ப முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். அங்கே படிவம் இல்லை, நாள் கணக்கு இல்லை, வந்து பார்க்கும் டாக்டர் இல்லை. யார் சேர்த்தது, எந்தச் சட்டத்தில், எத்தனை நாளைக்கு, யாரிடம் முறையிடலாம் என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்கும் இடத்தில் இப்போது ஆச்சி இருக்கிறார். அந்தப் படிவத்தின் நகலை மாப்பிள்ளை கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், மொழி. வெளிநாட்டில் மனநலம் குலைந்தவர்கள் படும் பாட்டில் பாதி மொழியால் வருவது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லித்தான் இந்த வைத்தியமே நடக்க வேண்டும். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ சொந்த மொழி தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் பெரும்பாலும் கிடைப்பார். ஆனாலும், குடும்பத்தினர் ஒருவரே மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். மாப்பிள்ளை முன்னால் ஆச்சி மனம் திறந்து பேசமாட்டார். தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். சைவமா, விரத நாட்கள் எவை, எந்த நேரத்தில் காபி குடிப்பார் என்பதையும் எழுதிக் கொடுக்கலாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பட்டினி கிடப்பவரைப் பார்த்து, சந்தேகத்தால் சாப்பிட மறுக்கிறார் என்று தப்பாகக் குறித்துவிட வாய்ப்பு உண்டு.

கரண்ட் வைப்பது பற்றி. மேனியா என்ற இந்த மனக் கொந்தளிப்புக்கு முதல் வைத்தியம் மாத்திரையும் ஊசியும்தான். மருந்தில் தணியாமல் போனாலோ, சாப்பிடாமல் உயிருக்கே ஆபத்தானாலோதான் மின்சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அப்படிப் பேசினாலும் பயப்படாதீர்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்வார்கள். மயக்க மருந்து இல்லாமல் செய்வதை இந்தியச் சட்டமும் தடை செய்திருக்கிறது. சினிமாவில் காட்டுவதை வைத்து முடிவு செய்யாமல், எதற்காகச் சொல்கிறார்கள் என்று கேட்டு முடிவெடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. என்னைப் பொறுத்தவரை இந்தக் கடிதத்திலேயே முக்கியமான விஷயம் அதுதான். உங்கள் மகள்.

ஆச்சிக்கு நோய் வந்தது மகளைப் பெற்ற பிறகு. இப்போது அந்த மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு வரும் கடுமையான மனநோய் பொதுவாக ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோதான். ஆனால் தாய்க்கு பைபோலார் இருந்தால், அதுவும் பிரசவத்தை ஒட்டி வந்திருந்தால், மகளுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டும். பேரன் இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறான். அதோடு, உதவிக்கு வந்த அம்மா ஆஸ்பத்திரியில், தூக்கம் போயிற்று, போலீஸ் வந்து போயிருக்கிறது, மாமியார் வீட்டார் முன் தலைகுனிவு. அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலான மகள்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, பேச்சில் வேகம் கூடுகிறது, திடீரென்று குழப்பம், யார்மேலோ சந்தேகம், குழந்தையைப் பற்றி வினோதமாக ஏதாவது சொல்கிறாள் என்றால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதெல்லாம் இல்லாவிட்டாலும், பேறு பார்த்த டாக்டரிடம் அம்மாவுக்கு இந்த நோய் உண்டு என்று மகள் சொல்லிவிட வேண்டும். இரவில் தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது அவள் தூங்க ஏற்பாடு வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைக்கு மாப்பிள்ளையோ வேறொருவரோ பால் புகட்டட்டும்.

அதனால், யார் கிளம்ப வேண்டும் என்று என்னைக் கேட்டால், இரண்டு பேர் என்பேன். ஆச்சிக்காக நீங்கள். மகளுக்காக ஒரு பெண் துணை, ஆச்சியின் தங்கையோ உங்கள் தங்கையோ. நீங்கள் ஒருவரே போய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தால் மகள் தனியாகிவிடுவாள். விசா கையில் கிடைக்கும்வரை, காலையும் மாலையும் வீடியோவில் மகளின் முகத்தைப் பாருங்கள். ஆச்சியை விசாரிக்கும் சாக்கில் அவளையும் கவனியுங்கள்.

உடனே திருச்சிக்குக் கூட்டி வருவது பற்றி. நேர் விமானம், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, இறங்கினால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் பள்ளத்தூர். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொந்தளிப்பில் இருப்பவரை மூடிய விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. நடுவானில் எழுந்து கதவுப் பக்கம் போனால், கூட இருக்கும் நீங்கள் தனியாக என்ன செய்ய முடியும்? விமானம் கிளம்பும் முன்பே சத்தம் போட்டால் கேப்டன் இறக்கிவிடச் சொல்லிவிடுவார். அப்புறம் அதே விமான நிறுவனம் மறுபடி ஏற்றத் தயங்கும். இரவில் ஆறு ஏழு மணி நேரத் தூக்கம் திரும்பி, சொல்வதைக் கேட்டு நடக்கும் நிலைமை சில நாட்கள் நீடித்த பிறகுதான் பயணம். பயணம் செய்யலாம் என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் சான்று, விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவம் இரண்டும் வேண்டும். துணைக்கு நர்ஸோ டாக்டரோ வர வேண்டும் என்று நிறுவனம் கேட்கலாம். கேட்டால் செலவைப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடும்போது பகல் விமானமாகப் பாருங்கள். ஜன்னலோரம் ஆச்சி, நடைபாதைப் பக்கம் நீங்கள். மருந்து கைப்பையில், சான்றும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அதே பையில். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் கிளம்பாதீர்கள். பின்னால் மெயிலில் வரும் என்று நம்பி வந்துவிட்டு, கடைசியாக என்ன ஊசி போட்டார்கள் என்று தெரியாமல் என்னிடம் வந்து நிற்பவர்கள் உண்டு. சில ஊசிகள் உடம்பில் வாரக்கணக்கில் வேலை செய்பவை. அது தெரியாமல் இங்கே இன்னொன்றைத் தொடங்க முடியாது.

ஆச்சி அங்கே தங்குவதற்கான அனுமதியான விசிட் பாஸின் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அது முடிந்துபோனால் அதுவும் ஒரு குற்றமாகிவிடும். தேதி முடியும் முன்பே ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு குடிநுழைவு ஆணையத்தில் நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் இந்தக் களேபரத்தில் மறந்துபோகக்கூடியதும் இதுதான்.

தூதரகம் பற்றிக் கேட்டீர்கள். சிங்கப்பூரில் இந்தியத் தூதரகம் ஹை கமிஷன் என்ற பெயரில் கிரேஞ்ச் ரோட்டில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி, வெளிநாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் தன் குடிமகனைப் பார்க்கவும் பேசவும் தூதரகத்துக்கு உரிமை உண்டு. அவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது. பாஸ்போர்ட் தொலைந்திருந்தால், ஊரிலிருந்து யாரும் வர முடியாமல் போனால், ஆஸ்பத்திரியோடு தகராறு வந்தால் உதவுவார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளத்தில் நீங்கள் இங்கிருந்தே புகார் பதியலாம். ஆனால் டாக்டர் முடிவை மாற்றி ஆச்சியை வெளியே கொண்டுவர அவர்களால் முடியாது. பில்லும் கட்டமாட்டார்கள். 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி தூதரகங்களில் இருக்கிறது, அது வேறு ஆதரவே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு. ஏஜெண்டிடம் ஏமாந்து போய், சம்பளமில்லாமல், மனமும் உடைந்து கிடக்கும் தொழிலாளிக்கு அந்தப் பணம் போகட்டும். உங்களுக்கு அங்கே மகளும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள்.

பணம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவருக்கு அங்கே அரசு மானியம் கிடையாது, முழுக் கட்டணம். ஒரு நாளைக்கு என்ன ஆகும், மொத்தம் எவ்வளவு வரலாம் என்று பில்லிங் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். குறைந்த கட்டண வார்டுக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். தவணையில் கட்டுவது, வீடு திரும்பும் ஏற்பாடு எல்லாம் அவரோடு பேச வேண்டியவை. இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, பயணக் காப்பீட்டில் பழைய நோய்க்கும் மனநோய்க்கும் பெரும்பாலும் விலக்கு எழுதியிருப்பார்கள். இந்தியாவில் 2017 சட்டம் வந்த பிறகு, உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது விதி. ஆனால் அதை நம்பி பயண பாலிசியை வாசிக்காமல் இருந்துவிடக் கூடாது. பாலிசியை வாசியுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதிக் கேளுங்கள். இப்போதுதான் முதல்முறை வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அதே பொய்யை வார்டு டாக்டரிடமும் சொல்ல வேண்டிவரும், வைத்தியம் கெடும்.

பயணம்தான் நோயைக் கொண்டுவந்ததா என்று உங்களுக்குள் ஒரு கேள்வி ஓடும். பயணத்துக்கும் பங்கு உண்டு. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மனநல வார்டுக்கு அனுப்பப்பட்டவர்களை ஆராய்ந்து 1982இல் ஒரு கட்டுரை வந்தது. மேற்கு நோக்கிப் பறந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகவும், கிழக்கு நோக்கிப் பறந்தவர்களிடம் மேனியா சாயல் கூடுதலாகவும் இருந்தது. சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே, இரண்டரை மணி நேரம் முன்னால். அது பெரிய இடைவெளி இல்லைதான். ஆனால் ராத்திரி விமானத்தில் போன தூக்கமும் பச்சைக் குழந்தையோடு கண்விழித்த இரவுகளும் சேர்ந்தால், லித்தியம் இல்லாத பைபோலார் உடம்புக்கு அதுவே போதும். ஜெருசலேம் இன்னொரு உதாரணம். 1980 முதல் 1993 வரை அங்கே மனம் குலைந்த சுமார் 1200 சுற்றுலாப் பயணிகளை க்ஃபார் ஷாவுல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர்களில் 470 பேரை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். முன்பு எந்த மனநலச் சிக்கலும் இல்லாமல் அங்கேயே முதன்முதலாகக் குலைந்தவர்கள் என்று டாக்டர்கள் கணித்தது 42 பேரைத்தான். மற்றவர்களுக்கு ஏதோ ஒன்று ஏற்கெனவே பெட்டியோடு கூடவே போயிருந்தது. அதைப் பயணத்துக்கு முன்பே சொல்லியிருந்தால், முக்கால்வாசிப் பேருக்கு முன்னேற்பாடு செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் கடல் தாண்டிப் போவது புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடக் கணக்கில் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அன்று போனவர்களுக்குக் கிட்டங்கி என்ற பொதுக் கூடம் இருந்தது. ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டிகள், ஒரே சமையல், சுற்றிலும் ஊர்க்காரர்கள். ஒருவர் இரவெல்லாம் உலாத்தினால் பக்கத்துப் பெட்டிக்காரருக்குத் தெரிந்துவிடும். ஆச்சி போய் இறங்கியது மகள் வீடுதான் என்றாலும், அங்கே அவருக்கு நோயைப் பற்றிப் பேச ஒருவர்கூட இல்லை. மாத்திரையை எடுத்து வாயில் போடுவதற்குக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. இதற்கு ஆச்சியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கல்யாணம் பேசிய நாளிலிருந்து எல்லோருமாகச் சேர்ந்து கட்டிய மௌனம் அது.

அதனால் மாப்பிள்ளையிடம் நீங்களே பேசுங்கள். மகளைப் பேசவிடாதீர்கள், அவளுக்கு அந்தச் சுமை இப்போது வேண்டாம். ஆஸ்பத்திரி மூலம் தெரிவதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து தெரியட்டும். "மாப்பிள்ளை, இது இத்தனை வருடமாக உள்ள நோய். மருந்தில் நன்றாக இருந்தாள். உங்களிடம் சொல்லாதது எங்கள் தப்பு. இப்போது டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். அவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும், சம்பந்தி வீட்டில் நான்கு வார்த்தை வரலாம். வரட்டும். போலீஸ் வந்த இரவில் அந்தப் பையன்தான் கூட ஓடியிருக்கிறார், கையெழுத்துப் போட்டுக் கூட்டி வருகிறேன் என்று நின்றிருக்கிறார். உண்மையைத் தாங்கமாட்டார் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஊரில் எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உடம்பு சரியில்லை, அங்கே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலில் கொண்டுபோய் ஒரு மண்டலம் வைத்திருங்கள் என்று யாராவது சொல்வார்கள். பெருமாளைக் கும்பிட ஆச்சிக்கு விருப்பம் இருந்தால் கூட்டிப் போங்கள், மாத்திரைப் பையோடு.

பேரனைக் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்களே, கட்டாயம் கொடுக்கலாம். வேகம் தணியும்வரை தனியாக விடக் கூடாது, அவ்வளவுதான். வார்டில் அனுமதித்தால் வீடியோவில் பேரனைக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் போதும். தேறிய பிறகு குளிப்பாட்டலாம், தாலாட்டலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம். இரவுக் காவல் மட்டும் ஆச்சிக்கு வேண்டாம். இந்த நோய் உள்ளவருக்குத் தூக்கமும் மருந்துதான்.

அடுத்த முறை போவார், போகவும் வேண்டும். பேரனின் முதல் பிறந்தநாள் வருமே. அப்போது கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வந்து என்னையோ வேறு மனநல மருத்துவரையோ பாருங்கள். லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு பார்த்துவிடலாம். சிங்கப்பூருக்குச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கு உட்பட்ட மருந்தைக் கொண்டுபோகலாம், சீட்டு கூட இருக்க வேண்டும். சில தூக்க மாத்திரைகளுக்கும் பதற்றத்துக்கான மாத்திரைகளுக்கும் முன்கூட்டியே அங்கே அனுமதி வாங்க வேண்டும். துபாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த விதி இன்னும் கடுமை. மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு கைப்பையில். மூட்டுவலிக்கென்று டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி பேதி வந்தாலும் உடனே டாக்டரைக் கேட்க வேண்டும்.

நீங்கள் இங்கே தனியாக இருக்கும் இந்த நாட்களில் மனம் தாங்காவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் சொந்த மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள்.

ஆச்சி வந்து இறங்கிய ஒரு வாரத்துக்குள் கூட்டி வாருங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையோ சிவகங்கை மருத்துவக் கல்லூரியோ உங்களுக்கு வசதி என்றால் அங்கேயும் பார்க்கலாம். லித்தியம் தொடங்கியிருந்தால், முந்தின ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடும் முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார் என்பதைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வாருங்கள்.